மூழ்காத தோல்

மேல்மலையில் பனி இறங்கிவிட்டால் ஓடைக்கும் வானத்துக்கும் நடுவே வரப்பு கிடையாது. எது தண்ணீர், எது மேகம் என்று காலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஒரு விடியற்காலையில் செவ்வந்தியின் மடுவுக்கு ஒரு மான் நீந்தி வந்தது. கிட்டே வந்த பிறகு பார்த்தால் மான் இல்லை, மான் தோல். பின்னங்காலில் ஒரு கயிறு இழுபட்டு வந்தது.

செவ்வந்தி அந்த மடுக்கரையில் குடிசை போட்டிருந்தாள். தூண்டில் முள்ளில் முடியையும் நூலையும் வைத்து, மீனை ஏமாற்றும் பொய்ப்பூச்சி கட்டுவது அவள் பிழைப்பு. அவள் கட்டிய பூச்சியைத் தண்ணீரில் போட்டால் நிஜப் பூச்சிகள் சம்பந்தம் பேச வந்துவிடும் என்று மலையில் கேலியாகச் சொல்வார்கள். அவளிடம் கட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் உண்டு. கட்டுவதை விட்டுவிட்டு, வாழ்வது எப்படி என்று கேட்டு உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களிடம், "நான் மீன் திங்கிறவ. சாமியாருன்னு நெனச்சு வந்திருந்தா, சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க" என்பாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்.

அவள் கோலால் தோலைக் கரைக்கு இழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கரையோடு ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவளைவிட இருபது வயது மூத்தவன். பெயர் சடையாண்டி.

"யாரோட தோலு, அண்ணே?"

"என்னோடது, தாயி."

"மானோடதுன்னு நெனச்சேன்."

சடையாண்டி பாறையில் பொத்தென்று உட்கார்ந்தான். அந்தப் பெண்மானைச் சுட்டவன் அவன்தான். சுட்ட நாளிலிருந்து கண்ணோடு கண் மூடவில்லை. தோலைப் புதைத்தான், நாய்கள் தோண்டி வாசலில் கொண்டுவந்து போட்டன. கோயிலுக்குக் கொடுத்தான், பூசாரி வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். கடைசியாக மலை ஏறி வந்து, கல்லைக் கட்டி ஓடையில் இறக்கினான். கல் மட்டும் கீழே போயிற்று.

"பாத்தீங்களா தாயி, மூழ்க மாட்டேங்குது. என்னை விடமாட்டேன்னு நிக்குது."

செவ்வந்தி தோலிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நகத்தால அழுத்துங்க."

அழுத்தினான். நசுங்கியது.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லையே."

"காத்து இருக்கு. அதான் மிதக்குது. அதுக்கு உங்க மேல ஒரு பிடிவாதமும் இல்ல."

இத்தனை நாள் தன்னைத் துரத்தியது வெறும் காற்றுதான் என்றதும் சடையாண்டிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு கேட்டான்.

"அப்ப இதை நான் என்னதான் செய்யறது?"

"இந்த முடியில ஒரு பூச்சி கட்டுங்க. கட்டி முடிச்சப்பறம் தோலைப் பத்திப் பேசுவோம்."

ஒரு பூச்சிதானே, மத்தியானத்துக்குள் கட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தான் பாவம்.

செவ்வந்தி தன் பையிலிருந்த மான்முடியில் ஒரு பிடி எடுத்துக் கட்டிக் காட்டினாள். முடிக்கு அடியில் பஞ்சாக இருந்த குறுமயிரைச் சீப்பால் கழித்தாள். வெறும் முள்ளின் மேல் முடியைப் படுக்க வைத்தாள். நூலை இரண்டு சுற்று, தளர்வாக. அப்புறம் நூலை இறுக்கிக்கொண்டே விரலைத் திறந்தாள். படுத்திருந்த முடி விழித்துக்கொண்டது. சிலிர்த்து எழுந்து, முள்ளைச் சுற்றிச் சுழன்று, நாலா பக்கமும் விரிந்து நின்றது.

சடையாண்டி கட்டினான். முடி எழவில்லை. செத்த பாம்பு போல முள்ளின் மேலேயே கிடந்தது. மறுபடி கட்டினான். நூல் அறுந்தது. முள் சரியில்லை என்றான். பனியில் நூல் நமுத்துவிட்டது என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவனுக்கு மேல்மலையே கோணலாக இருந்தது.

"என் முடி சாபம் புடிச்ச முடி, தாயி. உங்க முடின்னா சுத்துது."

"எந்த இடத்துல வெட்டினீங்க?"

"கால்ல."

"கால்முடி கெட்டி. காட்டுல ஓடறப்ப முள்ளு கிழிக்காம இருக்கத்தான் அது. சுத்தாது. விலாவுல வெட்டுங்க. குளிர் தாங்கற முடி அங்கதான் இருக்கு, காத்தும் அதுலதான் இருக்கு."

சடையாண்டி தலையை ஆட்டினான். மறுநாள் வாலில் வெட்டினான். அதற்கு மறுநாள் நெற்றியில். விலாப்பக்கம் உள்ளே போகும்படி தோலை மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். செவ்வந்தி அந்த மடிப்பைப் பார்ப்பாள், தன் வேலைக்குத் திரும்பிவிடுவாள்.

பனி விலகவே இல்லை. பகல் எங்கே முடிந்தது, இரவு எங்கே தொடங்கியது என்று சடையாண்டிக்குப் பிடிபடவில்லை. அடுப்புப் புகை பனிக்குள் போய்ப் பனியாகிவிடும். செவ்வந்தி பக்கத்தில் நின்று பேசினாலும் குரல் அக்கரையிலிருந்து வரும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் மடுவையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு விடிகாலை, அக்கரையில் மான்கள் தண்ணீர் குடிக்க வந்தன. சத்தமே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே முகம், அவனுக்குத் தெரிந்த முகம். அதில் ஒன்று தண்ணீரின் மேல் நடந்தே இக்கரைக்கு வந்தது. அவனுக்கு எதிரே நின்று மூக்கை நீட்டியது. அவனும் கையை நீட்டினான். அது அவன் உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லாததைக் கண்டு, அப்படியே நின்றது. பனி அசைந்தது. எதிரே யாரும் இல்லை, கை மட்டும் நீண்டிருந்தது.

அவன் எழுந்து குடிசைக்கு வந்தான். செவ்வந்தி முற்றத்தில் உட்கார்ந்து பூச்சி கட்டிக்கொண்டிருந்தாள்.

"தாயி, அது என்னை மன்னிக்குமா?"

செவ்வந்தி நூலைக் கீழே வைத்தாள்.

"குண்டு எங்க பட்டுச்சு, அண்ணே?"

சடையாண்டி தோலைப் பாறைமேல் வைத்தான். ஒரு மடிப்பைப் பிரித்தான், இன்னொன்றைப் பிரித்தான். விலா மேலே வந்தது. அங்கே முடி அடர்த்தியாக இருந்தது. விரலால் தேடினான். விரல் ஓர் இடத்தில் தோலைக் கடந்து பாறையைத் தொட்டது.

"இங்க."

"எவ்வளவு தூரத்துல இருந்து?"

"தூரமே இல்ல தாயி. எம் பொஞ்சாதி அதுக்குத் தெனமும் உப்பு வைப்பா. கையில நக்கிட்டுப் போகும். அன்னிக்கு வீட்ல விருந்தாளுங்க. கறி இல்லைன்னு என்னைக் கேலி பண்ணிட்டாங்க. நான் துப்பாக்கியோட வெளிய வந்தேன். அது என்னைப் பாத்துச்சு. ஓடல. எங்கையில உப்பு இருக்குன்னு நெனச்சு கிட்ட வந்துச்சு தாயி."

சொல்லிவிட்டு அழுதான். ஐம்பது வயதுக்கு மேல் ஓர் ஆண் அப்படி அழுவதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். செவ்வந்தி எழுந்து போகவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுகை ஓய்ந்ததும் கத்தரியை நீட்டினாள்.

குண்டுத் துளையின் ஓரத்திலேயே வெட்டினான். பஞ்சைக் கழித்தான். முள்ளின் மேல் வைத்தான். தளர்வாக இரண்டு சுற்று. நூலை இறுக்கி, விரலைத் திறந்தான்.

முடி எழுந்தது. சிலிர்த்துச் சுழன்று முள்ளைச் சுற்றி வட்டமாக நின்றது. சடையாண்டி மூச்சு விடவில்லை. விட்டால் கலைந்துவிடும் என்று பயந்தான்.

"அடுத்த பிடி" என்றாள் செவ்வந்தி.

பிடிமேல் பிடியாக முள் நிறைந்தது. பிறகு கத்தரித்தான். கட்டியதில் பாதிக்கு மேல் தரையில் கிடந்தது. மிஞ்சியது பூச்சி மாதிரி இல்லை. பூனையிடம் தப்பிவந்த சுண்டெலி மாதிரி இருந்தது.

"மீனுக்குக் கண்ணு மங்கலா இருக்கணும்னு வேண்டிக்குவோம்" என்று செவ்வந்தி கோலை எடுத்துக்கொண்டாள்.

மடுவில் வீசினார்கள். பூச்சி மிதந்தது. பனி அதை மூடியது, திறந்தது. எங்கோ ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நூல் இழுபட்டது. செவ்வந்தி கோலை அவன் கையில் திணித்தாள். நூலின் மறுமுனையில் ஓர் உயிர் துடிப்பது அவன் தோள்வரை ஏறியது.

மீன் கரைக்கு வந்தது.

"மொதல்ல கையை நனைங்க. காஞ்ச கை பட்டா அதுக்கு மேலு வெந்துபோகும்."

கையை நனைத்துக்கொண்டு ஏந்தினான். வயிறு கனத்திருந்தது, உள்ளே முட்டை. செவுள் திறந்து திறந்து மூடியது. இமையில்லாத கண்ணால் அது அவனையே பார்த்தது. முள்ளை மெல்லக் கழற்றினான். கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி விரித்தான். விட்டது தெரியாமல் மீன் அவன் உள்ளங்கை மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் இல்லை.

சடையாண்டி நிமிர்ந்தான். அந்த மலைக்கு வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் செவ்வந்தி பார்த்ததில்லை.

"விட்டுட்டேன், தாயி."

"பாத்தேன். மத்தியானக் குழம்பு போச்சு."

"முட்டையோட இருந்துச்சு. எத்தனையோ உயிரு. அந்த மானுக்கு இது ஈடாயிரும்ல?"

 செவ்வந்திக்கு அவன் மேல் இரக்கமாக இருந்தது.

"இது வேற உயிரு, அண்ணே."