வைரவன் முழக்காத கெட்டிமேளம்

நாட்டையே ஆட்டிப்படைத்த ராஜாக்களும், மகள் கல்யாணம் என்றால் மேளக்காரர் வாசலில் போய்க் காத்து நின்ற காலம் அது.

அந்தக் காலத்தில் வைரவன் என்று ஒருவன், கோயில் மதிலுக்கு வெளியே செங்கல் சூளையில் மண் மிதித்தான். உள்ளே வாசிக்கிற தவிலைக் காதால் கேட்டே, ஒரு பழைய தவிலில் தட்டிக் கற்றுக்கொண்டான். ஆனால் ஒரு மேளத்தோடும் உட்கார்ந்ததில்லை, ஒரு கல்யாணப் பந்தலுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஏதாவது ஒரு மேளத்தில் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

முதல் மேளக்காரர், யாரோடு வாசித்திருக்கிறாய் என்றார். யாரோடும் இல்லை என்றான். தவிலைத் தொடவே விடாமல் அனுப்பிவிட்டார். இரண்டாமவரும் அதையேதான் கேட்டார், அதையேதான் செய்தார். எனக்கு இந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வருகிறது. எவனும் சேர்க்காவிட்டால் பழக்கம் என்ன, மரத்திலா காய்க்கும்?

மூன்றாவது, நாயனக்காரர் சோமாஸ்கந்தர் வீடு. அவர் வாய் திறக்குமுன் வைரவன் முந்திக்கொண்டான். வடக்கே அரண்மனைக் கல்யாணங்களுக்கெல்லாம் வாசித்தவன் நான் என்று அளந்தான். வாசித்தும் காட்டினான். கை பேசியது. சேர்த்துக்கொண்டார்.

அடுத்த முகூர்த்தம் ஓர் உப்பு வணிகர் மகளுக்கு. வழிநடையில் தாளக்காரர், "கெட்டிமேளம் உங்க பக்கத்துல எப்படி எடுப்பீங்கண்ணே?" என்று கேட்டார். வைரவன் சிரித்து மழுப்பினான். சாப்பிடும்போது மறுபடி அந்தப் பேச்சு வந்தது. தலையாட்டி வைத்தான். பந்தலில் உட்கார்ந்ததும், கெட்டிமேளம் எப்போது எடுப்பது என்று கேட்டுவிடலாம் என நாக்கு நுனிவரை வந்தது. அரண்மனையில் வாசித்தவன் இதையா கேட்பான்? விழுங்கிவிட்டான்.

தாலியை எடுத்தார்கள். பெண்ணின் மாமன் விரலை உயர்த்தி ஆட்டினார். கெட்ட சொல்லோ தும்மலோ யார் காதிலும் விழாதபடி மேளம் முழங்க வேண்டிய நேரம். தவில்தான் தொடங்க வேண்டும். சோமாஸ்கந்தர் வைரவனைப் பார்த்தார். அந்த விரல் தனக்குத்தான் என்று தெரியாமல் வைரவன் சோமாஸ்கந்தரைப் பார்த்தான். பந்தலே வாயடைத்துக் கிடந்தது.

யாரோ தும்மினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்கள். காலில் விழாத குறையாகச் சமாதானம் பேசிய பிறகுதான் தாலி ஏறியது. பாவம், அந்தப் பெண் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

வெளியே வந்த சோமாஸ்கந்தர் கத்தவில்லை.

"புதுசுன்னு சொல்லியிருந்தா என்னடா? பக்கத்துல உட்கார வெச்சு, இப்ப எடுன்னு தொடையில தட்டியிருப்பேனே. இந்தக் கையை நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

அவன் தவிலுக்கு அவரே உறையைக் கட்டி அவன் தோளில் மாட்டி அனுப்பினார். வைரவன் ஊர் ஊராக அலைந்து பார்த்தான். போகிற ஊருக்கெல்லாம் அந்தத் தும்மல் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: தெரியாததைத் தெரியும் என்று சொல்லி உள்ளே நுழைகிறவன், கேட்டுத் தெரிந்துகொள்ளும் கதவைத் தன் கையாலேயே சாத்திக்கொள்கிறான்.