உறைமோர் பரீட்சை

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை மணிமுடிக்கிள்ளி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றிவிட்டால் அதை உடனே செய்தாக வேண்டும். அப்படித்தான் ஒருநாள், "தலைநகரில் செழிப்பே இல்லாத தெரு எதுவோ, அதை இடித்துவிட்டு யானைக் கொட்டாரம் கட்டுங்கள்!" என்றார்.

பொக்கிஷ அதிகாரி சிகாமணி ராயர் துள்ளி எழுந்தார். அமைச்சர் அம்பலவாணரைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல். அமைச்சர் குடியிருந்ததோ கலயத் தெரு.

"சந்தேகமென்ன பிரபு, கலயத் தெருதான்! ஒழுகுகிற கூரை, ஓயாத சண்டை. எங்கள் மாடவீதியைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு வெள்ளிப் பாத்திரம். ஒருவர் வாசலில் இன்னொருவர் போய் நின்றதே கிடையாது!"

"அமைச்சரே, நீர் என்ன சொல்கிறீர்?"

"ராயர் சொன்னதில் பொய்யே இல்லை பிரபு. இடிப்பதற்கு முன் இரண்டு தெருத் தயிரையும் ஒரு வாய் ருசி பார்த்துவிடுங்களேன்."

தயிர் என்றால் ராஜாவுக்கு உயிர். பரீட்சையை அமைச்சர் வகுத்துக் கொடுத்தபடியே உத்தரவு பறந்தது. காவலர்கள் இரண்டு தெருவிலும் இருந்த தயிர், மோர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வீடுதோறும் புதுப்பால் கொடுத்தார்கள். தெருவுக்கு ஒரே ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் உறைமோர் கொடுத்தார்கள்.

விடிந்ததும் ராஜா மாடவீதிக்குப் போனார். ராயர் வீட்டு வெள்ளிப் பாத்திரத்தைத் திறந்தால் குப்பென்று நாற்றம். பால் திரிந்து கிடந்தது. தெரு முழுக்க அதே கதைதான். ராயருக்குப் பக்கத்து வீட்டில் மட்டும் தயிர் உறைந்திருந்தது.

"பக்கத்து வீட்டில்தானே உறைமோர் இருந்தது? கேட்டு வாங்கக் கூடாதா ராயரே?"

"அங்கே யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாதே பிரபு!"

கலயத் தெருவில் நுழையும்போதே வெள்ளாயியும் பொன்னாத்தாளும் வாசலில் தண்ணீர் சிந்தியதற்காகத் தெருவே அதிரச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு தயிர், கத்தி வைத்து வெட்டலாம் போலக் கெட்டியாக இருந்தது.

"உனக்கு உறைமோர் யார் கொடுத்தது?" என்று வெள்ளாயியைக் கேட்டார் ராஜா.

"இந்தப் பொன்னாத்தாதாங்க சாமி. அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

"இவ்வளவு நேரம் பேசிக்கொண்டுதானே இருந்தீர்கள்?"

"அது திட்டுங்க! சண்டை எங்க ரெண்டு பேருக்குள்ள. அதுக்காக எம்புள்ளைங்க பாலு கெட்டுப்போக விடுவாளா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்திரத்தைப் பார்த்தே செழிப்பை எடைபோட்டிருப்பேனே! அமைச்சரே, உம்மால் ஒரு தெரு பிழைத்தது" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பிறகு திரும்பினார். "கொட்டாரம் ராயர் தோட்டத்தில் எழும்பட்டும். ராயரே, இங்கே நீரே கேட்டு வாங்கிப் போய், மாடவீதியில் வீடு வீடாக உறைமோர் கொடும். அப்படியாவது அக்கம்பக்கத்தார் பெயர் தெரியட்டும்!"

ராயர் தலையைத் தொங்கப்போட்டபடி வெள்ளாயி வாசலில் போய் நின்றார். தொண்டையைச் செருமி, "அம்மா... கொஞ்சம் உறைமோர்..." என்றார்.

அவள் ஒரு சின்னக் கலயம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். "தாராளமா கொண்டு போங்கய்யா. ஆனா கலயத்தைத் திருப்பித் தரும்போது வெறுங்கலயமாத் தந்துடாதீங்க. எங்க தெருவுல அப்படி வழக்கமில்லை."