துண்டுக்குள் பேசிய விலை

முன்னொரு காலத்தில் வெள்ளாற்று நாட்டைப் பருதிவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நினைத்தது உடனே நடக்கவேண்டும் அவருக்கு. நடக்காவிட்டால் யார் தலையாவது உருளும்.

குடியானவர்களுக்காக அவர் ஒரு மாட்டுச்சந்தை மண்டபம் கட்டினார். கல்தச்சர் நிழல் பார்த்துக் கட்டினார். மாட்டு வைத்தியர் தண்ணீர்த்தொட்டி வைக்கச் சொன்னார். பேசும் விலையை எல்லாம் உரக்கக் கூவ ஓர் ஆளைப் போட்டது, எதிலும் மூக்கை நுழைக்கும் அதிகாரி மாணிக்கநாதர். ஒரு மாடுகூட உள்ளே வரவில்லை. சனங்கள் பழையபடி ஏரிக்கரை வெயிலிலேயே விற்றார்கள்.

"நன்றிகெட்ட சனம், மகாராஜா. மாடுகளைப் பறித்து அரண்மனைத் தொழுவில் கட்டிவிடலாம்" என்றார் மாணிக்கநாதர்.

"நாளைக்கே கட்டு."

அமைச்சர் சிவந்தியப்பர் யோசித்தார். மாடு போனால் உழவு போச்சு. அன்று மாலையே ஏரிக்கரைக்குப் போய்க் குந்தினார். விற்பவனும் வாங்குபவனும் கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்தே விலை பேசினார்கள்.

"ஏனப்பா, வாயால சொன்னா என்ன?"

"பொண்ணு கல்யாணம் சாமி, விக்கிற அவசரம். ஒருத்தன் குறைச்சுக் கேட்டது ஊருக்கே தெரிஞ்சா, அடுத்தவன் ஏத்திக் கேப்பானா?"

மறுநாள் சபையில் அமைச்சர் சொன்னார்: "மகாராஜா, முதலில் மாணிக்கநாதர் தம் வண்டிக்காளைகளை மண்டபத்தில் விற்றுக் காட்டட்டும். சனங்கள் பார்த்துத் திருந்துவார்கள்."

"அதற்கென்ன" என்று மாணிக்கநாதர் மீசையை நீவினார்.

மண்டபத்தில் முதல் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டான். கூவுகிறவன் அதைத் தூண் அதிரக் கூவினான். அடுத்த வியாபாரி காளையின் பல்லைப் பார்த்துவிட்டு, "கூவின விலைக்கு மேல நான் ஏன் தரணும்? கொம்பு வேற கோணல்" என்றான். கூவுகிறவன் அதையும் கூவினான். கூட்டம் சிரித்தது.

வேர்த்துப்போன மாணிக்கநாதர் வியாபாரியைத் தூணோரம் இழுத்துப் போய், தம் பட்டுச் சால்வையை அவன் கைமேல் போட்டார்.

"சால்வைக்குள் என்னய்யா நடக்கிறது?" என்றார் சபையோடு பார்க்க வந்திருந்த ராஜா.

மாணிக்கநாதர் சால்வையை இன்னும் இறுக்கி மூடினார்.

அமைச்சர் மெல்லச் சொன்னார்: "கல் தெரிந்தவரைக் கேட்டோம், மாட்டு நோய் தெரிந்தவரைக் கேட்டோம், மகாராஜா. மாடு விற்கிறவனைத்தான் கேட்கவில்லை."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "மாடு பிடிக்கும் உத்தரவு ரத்து. கூவுகிறவன் இனி தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கட்டும். மாணிக்கநாதரே, இனி எதைக் கட்டுவதானாலும் முதலில் சனங்களோடு வெயிலில் குந்திக் கேட்டுவிட்டு வாரும். அந்தச் சால்வையை அமைச்சரிடம் கொடும்."

அமைச்சர் அதை வாங்கி, வாசலில் மாட்டுக்கயிற்றைப் பிடித்தபடி தயங்கி நின்ற கல்யாணப் பெண்ணின் தகப்பன் கையில் போட்டார். "உள்ளே வாப்பா. நிழலில் நின்று பேசு."

அதன்பிறகு நிழலிலும் விலை துண்டுக்குள்தான். மண்டபமும் நிறைந்தது.