ராணியை மறைத்த தொட்டில்

பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் முதலில் யாரைப் பார்ப்பீர்கள்? குழந்தையைத்தானே? ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், வேங்கைமலை நாட்டிலும் அப்படித்தான் பார்த்தார்கள். அதில்தான் வந்தது வினை!

ராணி பூங்கோதைக்கு ஆண் குழந்தை பிறந்தது. வலி முழுக்க இடுப்பைத் தேய்த்துவிட்டு, "மூச்சை விடுங்க தாயி, நான் இருக்கேன்ல" என்று கூடவே இருந்தவள் செங்கமலம். பிள்ளைத்தாய்ச்சி எந்த வீட்டில் இருந்தாலும் துணைக்குப் போகிறவள். அவள் பத்தியச் சோறு ஆக்கப் போன நேரம் பார்த்து, நாட்டைப் பறிக்கக் காத்திருந்த மந்திரவாதி கரிமூக்கன் ஒரு தங்கத் தொட்டிலோடு வந்து, குழந்தையை அதில் கிடத்திவிட்டு ஒளிந்துகொண்டான். அந்தத் தொட்டிலைப் பார்த்தவர் கண்ணுக்குத் தாய் தெரியமாட்டாள். யாரும் பார்க்காத தாய் கரைந்தே போய்விடுவாள்!

அத்தை வந்தாள். "எங்க அண்ணன் மூக்கு!" ராணியின் கால் மறைந்தது.

சித்தி வந்தாள். "போங்கக்கா, அது எங்க வீட்டு மூக்கு!" இடுப்பு மறைந்தது.

ராஜா வந்தார். "என் சிங்கக்குட்டி!" கழுத்தும் மறைந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றாள் ராணி. யார் காதிலும் விழவில்லை.

செங்கமலம் பூண்டுக் குழம்போடு வந்தாள். தாய் சாப்பிடாமல் பிள்ளை முகம் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நேரே கட்டிலைப் பார்த்தாள். தலையணைமேல் தலை மட்டும்!

"அடி ஆத்தீ!" ஒரு உருண்டை ஊட்டினாள். கழுத்து வந்தது. இன்னொன்று. தோள் வந்தது. அதற்குமேல் வரவில்லை. அதற்குள் குழந்தை வீறிட்டது.

"ராஜா, பிள்ளைக்குப் பசி. அம்மா எங்கே?"

ராஜா திரும்பினார். அவர் கண்ணுக்குக் கட்டில் காலி. "கோதை! எங்கேம்மா இருக்கே?"

"இங்கதான். பசியோட."

"இன்னும் சாப்பிடலையா?" இடுப்பு வந்தது. "தூங்கவும் இல்லையா?" முழங்கால் வந்தது. "ரொம்ப வலிக்குதா?" பாதமும் வந்தது!

படாரென்று தொட்டில் பிளந்தது. "என்னைப் பாருங்கடா!" என்று கரிமூக்கன் கத்தினான். எல்லோரும் ராணிக்குத் தலையணை வைப்பதில் இருந்தார்கள். பாவம், அவனே கரைந்துபோனான்.

அன்றிலிருந்து, எந்த வீட்டில் வலியெடுத்தாலும் செங்கமலம் ராஜாவின் பல்லக்கில்தான் போவாள். ராஜா நடந்துதான் போவார்.

வயிறாரச் சாப்பிட்டு, பிள்ளைக்குப் பாலும் கொடுத்த ராணி, கொட்டாவி விட்டபடி ராஜாவிடம் சொன்னாள்:

"இவனைக் கொஞ்சம் தோளில் போட்டுக்கோங்க. நான் தூங்கணும்."