சிவப்பி காட்டிய கூடு

காட்டோரத்தில் ஒரு குளம். அதன் கரையில், பொடிக்கற்கள் சிதறிக் கிடந்த பொட்டலில், சிவப்பி என்ற ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தாள். கூடு கீடு எதுவும் கிடையாது, வெறும் தரைதான். முட்டைகளும் கற்களைப் போலவே சாம்பல் நிறமும் கறுப்புப் புள்ளியுமாக இருக்கும். குனிந்து பார்த்தாலும் முட்டை எது, கல் எது என்று சட்டென்று தெரியாது.

குளத்துக்கே காவல் சிவப்பிதான். யாரும் அவளை நியமிக்கவில்லை. அவள் குலத்துக்கே அப்படி ஒரு தொண்டை! பாம்பு தலையை நீட்டினாலும், பருந்தின் நிழல் விழுந்தாலும், "யாரது? யாரது?" என்று ஊரையே கூட்டிவிடுவாள். உடனே கொக்கு பறக்கும், முயல் புதருக்குள் பாயும், தவளை தண்ணீரில் குதிக்கும். அந்தக் குரலை நம்பித்தான் எல்லாரும் நிம்மதியாக இரை தேடினார்கள்.

அந்தக் குரலால் பட்டினி கிடந்தவன் ஒருவன் உண்டு. மொட்டைவாலன் என்ற காட்டுப்பூனை. அவன் எவ்வளவு பதுங்கி வந்தாலும் சிவப்பி கத்திவிடுவாள். அவன் வந்து சேரும்போது கரையில் ஓர் ஈ காக்காய் இருக்காது.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், சிவப்பி தண்ணீரில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஈரத்தோடு போய் உட்கார்ந்தால்தான் முட்டைகள் வெயிலில் வெந்து போகாமல் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் எதிரே மொட்டைவாலன்!

"கத்தினே, தொலைச்சிடுவேன்! உன் முட்டை எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

சிவப்பிக்குத் திக்கென்றது. "பொய்!" என்றாள்.

"பொய்யா? நாலு முட்டை. சரியா? இனிமே நான் வரும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் நாலும் என் வயித்துக்குள்ளே! சும்மா பூச்சாண்டி காட்டறேன்னு நினைக்காதே. இப்பவே ஒரு கூட்டைக் காலி பண்ணிக் காட்டறேன். யார் கூட்டைப் பண்ணட்டும்? உன்னோடதா, வேற யாரோடதாவதா? நீயே சொல்லு!"

பாருங்கள் அந்தப் பாவியின் பேச்சை! பிடுங்கித் தின்ன வந்தவன், விருந்தாளி மாதிரி கேட்கிறான்.

சிவப்பியின் கண்ணுக்குள் நாலு முட்டைகளும் வந்து நின்றன. அவளுடைய அலகு தானாகத் திரும்பியது.

"அதோ... அந்தக் கோரைக்குள்ளே..."

கோரைக்குள் இருந்தது வெள்ளச்சியின் கூடு. வெள்ளச்சி ஒரு கானாங்கோழி, சிவப்பிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. இரை தேட அக்கரைக்குப் போயிருந்தாள். மொட்டைவாலன் கோரைக்குள் நுழைந்தான். சற்று நேரம் கழித்து வாயை நக்கிக்கொண்டே வெளியே வந்தான்.

"இப்போ நம்பறியா?"

"நம்பறேன்" என்றாள் சிவப்பி.

பொழுது சாயும் நேரத்தில் வெள்ளச்சியின் அழுகை குளம் முழுக்கக் கேட்டது. கடைசியில் அவள் சிவப்பியிடம்தான் வந்தாள்.

"அக்கா, என் கூட்டைக் காலி பண்ணிட்டாங்க அக்கா! நீ யாரையும் பார்க்கலையா?"

"நான்... நான் தண்ணியில வயித்தை நனைச்சுக்கிட்டு இருந்தேன்..."

"அதானே! நீ பார்த்திருந்தா கத்தாம இருப்பியா? நீ என்ன பண்ணுவே, பாவம்!"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தப் 'பாவம்'தான் சிவப்பியைக் கொன்றது. எங்கேயாவது மண்ணுக்குள் புதைந்து போய்விடலாமா என்று இருந்தது அவளுக்கு. வெள்ளச்சி பேசி முடிக்கும்வரை சிவப்பி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் வெயில் இன்னும் மோசம். வெள்ளச்சி மெதுவாக நடந்து வந்தாள்.

"அக்கா, எனக்குத்தான் அடைகாக்க ஒண்ணும் இல்லாம போச்சு. நீ வெயில்ல அங்கேயும் இங்கேயும் ஓடாதே. முட்டைக்கு நிழலா நில்லு. நான் போய் வயித்தை நனைச்சுக்கிட்டு வர்றேன்."

"வேண்டாம்மா!" என்று பதறினாள் சிவப்பி.

"அட, இருக்கட்டும்! உன் பிள்ளைங்களாவது பொழைக்கட்டுமே. ஆமா, முட்டை எங்கே? மிதிச்சுடப் போறேன். தினமும் இந்தப் பக்கமா நடக்கிறேன், எனக்கே தெரியலையே!"

சொல்லிவிட்டு வெள்ளச்சி தண்ணீருக்குப் போய்விட்டாள். சிவப்பி நின்ற இடத்திலேயே நின்றாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்கே தெரியவில்லை! அப்படியானால் அந்தப் பூனைக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அந்தப் பசிப்பிண்டம் விட்டு வைத்திருப்பானா? நாலு என்று சொன்னானே... அட, ஆள்காட்டி நாலு முட்டைதான் இடும் என்று காட்டுக்கே தெரியுமே! அவனுக்குத் தெரிந்த கூடு ஒன்றே ஒன்று. அது அவள் காட்டிய கூடு.

'அவன்கிட்ட வெறும் பேச்சுதான் இருந்தது. நிஜமாக்கிக் கொடுத்தது நான்!' என்று நினைத்தபோது சிவப்பிக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த நேரம் பார்த்துக் கரையோரப் புல் அசைந்தது. மொட்டைவாலன்! வயிறு தரையில் தேய, வெள்ளச்சியின் முதுகைப் பார்த்தபடியே நகர்ந்துகொண்டிருந்தான். வெள்ளச்சியோ, சிவப்பியின் முட்டைகளுக்காகத் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தாள்.

ஒருவேளை அவனுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தால்? ஆனாலும் சிவப்பி முட்டைகளை விட்டுத் தள்ளிப் பறந்து கத்திவிட்டாள்.

"யாரது? யாரது? பூனை! வெள்ளச்சி, ஓடு!"

வெள்ளச்சி கோரைக்குள் பாய்ந்தாள். இரட்டைவால் கரிச்சான் குருவிகள் இரண்டு, மரத்திலிருந்து சரேலென்று இறங்கின. தண்ணீரில் கிடந்த எருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு எழுந்தன. மொட்டைவாலன் ஆத்திரத்தோடு பொட்டலுக்குப் பாய்ந்தான். முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி அவன் கால் பதிந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எங்கே பார்த்தாலும் கற்கள்!

"எங்கேடி வெச்சிருக்கே?" என்று கத்தினான்.

சிவப்பி வாயைத் திறக்கவில்லை. ஒரு கரிச்சான் அவன் தலையில் நறுக்கென்று கொத்தியது. இன்னொன்று காதைப் பிடித்து இழுத்தது. விட்டால் போதும் என்று ஓடியவன், பிறகு அந்தக் கரைப்பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

வெள்ளச்சி சொட்டச் சொட்ட வந்தாள். "பார்த்தியா அக்கா! பக்கத்துல நின்னும் உன் முட்டை அவன் கண்ணுல படலை. அப்புறம் என் கூடு மட்டும் எப்படிப் பட்டுச்சு? அடர்ந்த கோரையாச்சே!"

அவள் குற்றமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். 'யாருக்குத் தெரியும்' என்று சொல்லியிருந்தால் அன்றோடு போயிருக்கும். ஆனால் சிவப்பியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான்தான் காட்டினேன்" என்றாள். "என் முட்டையை எடுத்துடுவேன்னான். இல்லேன்னா வேற யாரோட கூட்டைன்னு கேட்டான். உன்னோடதைக் காட்டிட்டேன்."

வெள்ளச்சியின் வயிற்று இறகிலிருந்து தண்ணீர் கற்களின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"எதெல்லாம் முட்டை?" என்று கடைசியில் கேட்டாள்.

சிவப்பி காட்டினாள். வெள்ளச்சி அந்த நாலின்மேலும் மெதுவாக உட்கார்ந்து, ஈரம் முழுவதையும் முட்டைகளில் ஒத்திவிட்டு எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் அக்கரைக்குப் போய்விட்டாள். அடித்திருந்தால் வலி ஆறியிருக்கும். இது ஆறவே இல்லை.

சிவப்பியின் குஞ்சுகள் நாலும் பொரிந்தன. மழை பெய்து குளம் நிரம்பியபோது, வெள்ளச்சியும் புதிதாகப் பொரித்த கறுப்புக் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு தண்ணீருக்கு வந்தாள். எங்கே கூடு கட்டியிருந்தாள் என்று அவள் சொல்லவில்லை, சிவப்பியும் கேட்கவில்லை. பருந்தின் நிழல் தெரிந்தால் மட்டும், சிவப்பி முதலில் அந்தக் கறுப்புக் குஞ்சுகளின் பக்கம் பறந்து போய்க் கத்துவாள்.

தான் தப்புவதற்காக அடுத்தவரைக் காட்டிக் கொடுப்பவர், மிரட்டுகிறவனுக்கு இல்லாத பலத்தைக் கொடுத்துவிட்டுத் தமக்குத் தீராத வெட்கத்தைத் தேடிக்கொள்கிறார்.