போன் எழுதப் போன பரீட்சை

ஒரு விடுகதை போடுகிறேன், பிள்ளைகளே. வாத்தியார் இருக்கிறார். மாணவி இருக்கிறாள். இருவருக்கும் நடுவே நான்கடி தூரம்தான். வாத்தியாருக்குப் பாடம் தெரியும், மாணவிக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் ஒரு வாரமாகப் பாடம் போய்ச் சேரவில்லை. ஏன்?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். விடை தெரியாவிட்டால் வருத்தப்படாதீர்கள். அதைக் கண்டுபிடிக்க அறிவு போதாது. கொஞ்சம் முட்டாள்தனமும் வேண்டும். கொக்கரைப்பட்டி நடுநிலைப் பள்ளியில் அது நிறையவே இருந்தது. தலைமையாசிரியர் அம்பலவாணன், கணக்கு வாத்தியார் தேவசகாயம், தமிழ் டீச்சர் மங்கையர்க்கரசி என்று மூன்று பேர் அதைப் பகிர்ந்து வைத்திருந்தார்கள்.

அங்கே ஐந்தாம் வகுப்பில் முத்தரசி என்று ஒரு பெண். வெள்ளிக்கிழமை டவுனில் பெரிய பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. தேறினால் அங்கே படிக்கலாம். தவறினால் எட்டாவது வரை இந்த மூன்று பேரிடம்தான்.

அவளுக்கு எல்லாக் கணக்கும் வரும். ஒரே ஓர் இடத்தில்தான் தடுக்கும். 824-ஐ எட்டால் வகுக்கும்போது முதல் எட்டில் எட்டு ஒரு தடவை போகிறது. அடுத்த இரண்டை இறக்கினால், அதில் எட்டு போகவில்லை. அப்போது மேலே என்ன எழுதுவது? கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். கேட்பதற்காகத் திங்கட்கிழமை சீக்கிரமே வந்தாள்.

அதைவிடச் சீக்கிரமாக ஒரு சுற்றறிக்கையும் இரண்டு செல்போன்களும் வந்திருந்தன. "இன்று முதல் கணக்குப் பாடம் இணையம் வழியாக மட்டுமே நடத்தப்பட வேண்டும். ஒரு போன் கற்பிக்க, மற்றது கற்க." மழைக்காலத்தில் ஆறு தாண்டி வரமுடியாத பிள்ளைகளுக்காக எழுதிய உத்தரவு அது. கொக்கரைப்பட்டியில் ஆறே கிடையாது.

"சார், ரெண்டுல எட்டு போகலைன்னா மேல என்ன எழுதணும்?" என்றாள் முத்தரசி.

தேவசகாயம் வாயைத் திறந்தார். தலைமையாசிரியர் பாய்ந்து வந்து அதைப் பொத்தினார்.

"என்ன காரியம் பண்றீரு? நேர்லயே சொல்லிடுவீர் போலிருக்கே."

"வாய் வரைக்கும் வந்துட்டு சார்."

"விழுங்கும். நெட் வழியாப் போகட்டும்."

ஊரில் நெட் கிடைக்கிற இடம் ஒன்றுதான்: தண்ணீர்த் தொட்டியின் உச்சி. கற்பிக்கிற போனோடு தேவசகாயம் ஏறினார். கற்கிற போனுக்கும் நெட் வேண்டுமே என்று பதினேழு பிள்ளைகளும் ஏறினார்கள். மேற்பார்வை பார்க்கத் தலைமையாசிரியரும் டீச்சரும் ஏறினார்கள். தொட்டியின் மேல் அந்தப் பக்கம் வாத்தியார், இந்தப் பக்கம் பிள்ளைகள். வகுப்பறையில்கூட இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

"சார், பிள்ளைங்க போனைப் பாக்காம இவரையே பாக்குதுங்க. இது நேரடி வகுப்பாயிடுச்சு" என்றார் மங்கையர்க்கரசி.

சத்துணவுக் கூடத்துத் தார்ப்பாயைக் கொண்டுவந்து நடுவில் கட்டினார்கள். அதோடு திங்கள் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை டீச்சர் இன்னொரு குற்றம் கண்டுபிடித்தார். "கணக்கு சார் குரல் ரெண்டு வழியா வருது. தார்ப்பாய்க்கு மேல வர்றது முந்திக்குது. போன்ல வர்றது பின்னாடிதான் வருது."

தலைமையாசிரியர் முகம் கறுத்தது. "அந்த முந்தி வர்ற குரலுக்கு அனுமதி இல்லையே. பிள்ளைங்க காதுல பஞ்சை வைங்க."

வைத்தார்கள்.

"இப்ப போன்ல வர்றதும் கேக்கலை சார்" என்றார் டீச்சர்.

"கேக்கணும்னு சுற்றறிக்கையில எங்க இருக்கு? நடத்தணும்னுதானே இருக்கு."

புதன்கிழமை முத்தரசி கேள்வியைச் சிலேட்டில் எழுதித் தார்ப்பாய்க்கு மேலே தூக்கிப் பிடித்தாள். நேரில் வந்த கேள்வி என்பதால் தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டார். சிலேட்டை இறக்கிப் போனுக்கு முன்னால் காட்டினாள். அவர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது.

தார்ப்பாய்க்குப் பின்னால் நிஜ தேவசகாயமும் நின்றுவிட்டார்.

"ஏன்யா மரம் மாதிரி நிக்கீரு?" என்றார் தலைமையாசிரியர்.

"போன்ல இருக்கவருதான் இப்ப வாத்தியார்" என்றார் அவர், உதட்டை அசைக்காமல். "அவர் சும்மா நிக்கும்போது நான் அசைஞ்சா, ஒரு வகுப்புக்கு ரெண்டு வாத்தியாராயிடும்."

வெயிலில் மூன்றேகால் மணி வரை வாய் திறந்தபடி நின்றார். பிறகு படம் அசைந்தது, அவரும் அசைந்தார். ஆனால் பள்ளி விடும் மணி அடித்துவிட்டது.

வியாழக்கிழமை மூவரும் கூடி, நாளைய தேர்வை யார் எழுதுவது என்று ஆலோசித்தார்கள்.

"பாடமெல்லாம் எதுக்குள்ள போச்சு?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

"போனுக்குள்ள."

"பிள்ளைங்க காதுல?"

"பஞ்சு."

"அப்போ எழுத வேண்டியது யாரு?"

தேவசகாயம் மெச்சித் தலையாட்டினார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முத்தரசி, "அப்போ நான் சார்?" என்றாள்.

"நீ எதுக்கும்மா? உனக்குத்தான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலையே" என்றார் மங்கையர்க்கரசி, அன்பாக.

வெள்ளிக்கிழமை காலை கற்கிற போனைத் துடைத்து, விபூதி பூசி, ஒரு பேனாவை ரப்பர் பேண்டால் அதன் இடுப்பில் கட்டிப் பஸ் நிறுத்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். முத்தரசியும் வந்து நின்றாள். பஸ் நிறுத்தத்தில் வகுப்பு இல்லாததால் காதில் பஞ்சு இல்லை.

தலைமையாசிரியர் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு புத்தி சொன்னார்.

"பதறாம எழுது. ரெண்டுல எட்டு போகலைன்னா மேல பூஜ்யம் போடு. அப்புறம் நாலை இறக்கு. இருபத்திநாலுல எட்டு மூணு தடவை. விடை நூத்தி மூணு. மறந்துடாதே."

"இப்படி நேர்ல சொல்லலாமா சார்?" என்று தேவசகாயம் கவலைப்பட்டார்.

"போனுக்கு நேர்லதான்யா சொல்லணும். கொஞ்சம் யோசிச்சுப் பேசும்."

பஸ் வந்தது. அப்போதுதான் மங்கையர்க்கரசிக்கு ஒன்று உறைத்தது. "போனுக்குக் கால் இல்லையே சார். ஹால் டிக்கெட்டும் இந்தப் பொண்ணு பேர்லதான் இருக்கு. யாராவது இதைத் தூக்கிட்டுப் போய் பெஞ்சில உக்காரணுமே."

தலைமையாசிரியர் முத்தரசியைப் பார்த்தார்.

"நாங்க யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம்மா. நீ இங்கயே இருந்து, போன் பாஸாகணும்னு சாமி கும்பிடலாம். இல்லைன்னா அதைத் தூக்கிட்டுப் போய், அது எழுதி முடிக்கிற வரைக்கும் துணைக்கு உக்காரலாம். உனக்கு எது இஷ்டம்?"

முத்தரசி போனைத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.