கயிற்றின் மறுமுனை

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடியில் யாரேனும் வெடிகுண்டு ஒட்டியிருக்கிறார்களா என்று மூழ்கித் தேடும் குழுவுக்குத் தலைவி மெர்சலின். அவரிடம் பயிற்சி பெற வந்த சங்கரபாண்டியன் கடற்படையில் ஓய்வு பெற்றவர்; தலைவியைவிட வயதில் மூத்தவர். அன்றைய தேர்வில் தேறினால்தான் அவருக்குக் குழுவில் இடம்.

துறைமுகத்து நீர் கலங்கல். அங்கே கண் உதவாது, கைதான் தேடும். மூழ்கியவருக்கும் படகுக்கும் இடையே இடுப்பில் கட்டிய கயிறு ஒன்றே தொடர்பு. மேலிருந்து ஒருமுறை சுண்டினால் 'நலமா?' என்று பொருள். கீழிருந்து சுண்டினால் 'நலம்'.

கப்பலின் அடியில் சங்கரபாண்டியனின் விரலில் ஏதோ தடித்துத் தட்டுப்பட்டது. அந்த நேரம் பார்த்துக் கயிறு சுண்டியது. 'இதை முடித்துவிட்டுச் சொல்வோம்' என்று இருந்துவிட்டார். மறுபடியும் சுண்டியது. அடுத்து, அவரையே மேலே இழுத்துவிட்டார்கள்.

படகின் விளிம்பைப் பற்றியவர் முகமூடியைக் கழற்றினார்.

"கைக்கு எட்டினதைக் கெடுத்திட்டீங்களே, மேடம். நான் என்ன தூண்டில்ல மாட்டின மீனா?"

"ரெண்டு தடவை கேட்டேன், அண்ணாச்சி. நீங்க பேசல."

"வேலையா இருந்தேன்."

குழுவில் ஆயத்தமாக நின்ற இளைஞன் கில்டனை மெர்சலின் நீரில் இறக்கினார். அவனுடைய கயிற்றைப் படகில் ஏறிய சங்கரபாண்டியன் கையில் கொடுத்தார்.

சற்றுப் பொறுத்து அவர் சுண்டினார். பதில் இல்லை. நீர் அசைவற்றுக் கிடந்தது. கயிற்றை இறுகப் பற்றி மீண்டும் சுண்டினார். ஒரு காலைப் படகின் விளிம்பில் ஊன்றிக்கொண்டார்.

கயிறு மெல்ல ஒருமுறை சுண்டியது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கில்டன் சிரித்துக்கொண்டே மேலே வந்தான்.

"அண்ணாச்சி கண்டுபிடிச்ச குண்டு வெறும் கொட்டலசு. சிப்பி மாதிரி கப்பல்ல கொத்தா ஒட்டி வளர்ந்திருக்கு. சுரண்டினா ஒரு கூடை தேறும்."

சங்கரபாண்டியன் சிரிக்கவில்லை. கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா இழுத்திருப்பேன், மேடம். இவன் என்னைத் திட்டியிருப்பான்."

"திட்டட்டும். திட்டுறதுக்கு ஆள் மேலே வந்தாகணுமே."

அவர் தலை குனிந்தார். கயிற்றை நீட்டியபடி கேட்டார்:

"அப்போ, என் இடம்?"

மெர்சலின் ஈரக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"நாளைக்கு நான் இறங்குறேன், அண்ணாச்சி. என் கயிறு உங்க கையில இருக்கட்டும்."